பாடம் 9: தோட்டத்திலிருந்து கிளினிக் வரை – பால்நிலை மாற்றச் சிகிச்சையும் ஆவணங்களும்

இந்தப் பாடத்தை முடிக்கும்போது நீங்கள் அறிந்திருக்க வேண்டியவை:

• பால்நிலை மாற்றச் சிகிச்சையின் எந்தப் பகுதி எந்த ஊரில் கிடைக்கும்
• இந்தியாவிலிருந்தோ வடக்கிலிருந்தோ திரும்புகிறவர் எதை எடுத்துவர வேண்டும்
• சான்றிதழ், பிறப்புப் பதிவு, அடையாள அட்டை ஆகியவற்றை எந்த ஒழுங்கில் மாற்ற வேண்டும்
• இந்தப் பயணத்தில் குடும்பம் செய்யக்கூடிய உதவி என்ன

இந்தப் பாடம் ஏன்?

மீளத் திரும்பும் குடும்பங்களுக்கு முதலில் தேவைப்படுவது கூரை, குடியுரிமைப் பத்திரம், பிள்ளைகளுக்குப் பாடசாலை. அவற்றை முந்திய பாடங்களில் பார்த்தோம். ஆனால் சில குடும்பங்களில் இன்னொரு தேவையும் இருக்கிறது. அதைப் பற்றி அவர்கள் எமது களப் பணியாளரிடம் கூட்டத்தில் கேட்பதில்லை. கூட்டம் முடிந்து எல்லாரும் எழுந்து போன பிறகு, படிக்கட்டருகில் நின்று மெதுவாகக் கேட்கிறார்கள்.

ஆணாகப் பதியப்பட்டுப் பெண்ணாக வாழ்கிறவர் திருநங்கை. பெண்ணாகப் பதியப்பட்டு ஆணாக வாழ்கிறவர் திருநம்பி. இருவரையும் சேர்த்துத் திருநர் என்கிறோம். தமிழ்நாட்டு முகாமில் பிறந்து வளர்ந்த சிலர் சென்னையிலோ மதுரையிலோ ஹோர்மோன் சிகிச்சை தொடங்கியிருக்கிறார்கள். நாடு திரும்பி லயன் காம்பராவில் குடியேறியதும் கொண்டுவந்த மருந்து இரண்டு மாதத்தில் தீர்ந்துவிடுகிறது. அடுத்து எங்கே போவது என்று சொல்ல ஆளில்லை. மண்சரிவால் இடம்பெயர்ந்து தற்காலிக முகாமிலிருந்து தோட்டத்துக்குத் திரும்பிய குடும்பங்களில், கிளினிக் கொப்பியும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் மண்ணோடு போனவர்கள் உண்டு.

இலங்கையில் இந்தச் சிகிச்சை இருக்கிறது. அரச வைத்தியசாலையில் அதற்குக் கட்டணமில்லை. ஆனால் முழுவதும் ஒரே இடத்தில் இல்லை. ஒரு துண்டு நுவரெலியாவில், ஒரு துண்டு கண்டியில், ஒரு துண்டு கொழும்பில், கடைசித் துண்டு பத்தரமுல்லையில் என்று கிடக்கிறது. துண்டுகளைச் சரியான ஒழுங்கில் கோத்துக்கொண்டால் பாதி அலைச்சல் குறையும்.

முதலில் சில தெளிவுகள்

*இது நோயா?* உலக சுகாதார நிறுவனம் தனது நோய்ப் பட்டியலின் 11ஆவது திருத்தத்தை 2019இல் ஏற்றுக்கொண்டது. 2022 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. அதில் திருநராக இருப்பது மனநோய்களின் பகுதியிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. அதற்கான மருத்துவ உதவி தேவைப்படலாம் என்பதால் பாலியல் சுகாதாரம் பற்றிய பகுதியில் வைத்திருக்கிறார்கள். எனவே இது பேய் பிடித்ததும் அல்ல, கூடாத சேர்க்கையால் வந்ததும் அல்ல. மந்திரிப்பதாலும் தாயத்துக் கட்டுவதாலும் மாறாது. கலியாணம் கட்டி வைத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பது ஒன்றுக்கு இரண்டு பேருடைய வாழ்க்கையைக் கெடுக்கும்.

*மனநோய் இல்லையென்றால் மனநல வைத்தியரிடம் ஏன் போக வேண்டும்?* பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இலங்கையின் நடைமுறையில் வாசற்கதவு அங்கேதான் இருக்கிறது. மதிப்பிடுவது, ஹோர்மோன் சிகிச்சைக்கு அனுப்புவது, சான்றிதழ் வழங்குவது ஆகிய மூன்றும் மனநல வைத்திய நிபுணரின் கையில் உள்ளன. அங்கே போவதால் உங்கள் பிள்ளைக்குப் பைத்தியம் என்று எவரும் எழுதுவதில்லை.

*சட்டத்துக்கு விரோதமா?* இல்லை. 2016இல் சுகாதார அமைச்சு 01-34/2016 இலக்கச் சுற்றறிக்கையை வெளியிட்டு, பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் வழங்கும் முறையை அரச வைத்தியசாலைகளுக்கு அறிவித்தது. அதே ஆண்டில் பதிவாளர் நாயகம் திணைக்களமும் பிறப்புப் பதிவை மாற்றுவதற்கான சுற்றறிக்கையை வெளியிட்டது. அரசாங்கமே வகுத்த வழி இது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவையில் ஒருபாலுறவு பற்றிய 365, 365அ பிரிவுகள் இருப்பது வேறு விடயம். சிகிச்சை பெறுவதையோ பெயரையும் பாலையும் மாற்றிப் பதிவதையோ அவை தடைசெய்யவில்லை.

*எல்லாரும் எல்லாச் சிகிச்சையும் பெற வேண்டுமா?* இல்லை. சிலருக்குப் பெயரும் உடையும் போதும். சிலருக்கு ஹோர்மோன் வேண்டும். சிலருக்கு அறுவைச் சிகிச்சையும் வேண்டும். முடிவு அவருடையது.

திரும்புவதற்கு முன் எடுத்துவர வேண்டியவை

தமிழ்நாட்டு அரசு 2008 ஏப்ரலில் திருநங்கைகளுக்கென நலவாரியம் அமைத்தது. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் இதற்கான தனிக் கிளினிக்குகள் உள்ளன. அங்கே சிகிச்சை பெற்றவர் புறப்படுவதற்கு முன் பின்வருவனவற்றைக் கேட்டு வாங்க வேண்டும்:

1. மனநல மருத்துவர் எழுதிய மதிப்பீட்டுக் கடிதம், கையொப்பத்துடனும் முத்திரையுடனும்.
2. எந்த மருந்து, எவ்வளவு, எப்போதிலிருந்து என்ற விபரம். கம்பனிப் பெயர் இலங்கையில் வேறாக இருக்கலாம். ஆகவே மருந்தின் வேதிப் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.
3. கடைசியாகச் செய்த இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகள்.
4. அறுவைச் சிகிச்சை நடந்திருந்தால், என்ன செய்யப்பட்டது என்று கூறும் வெளியேற்றச் சுருக்கம்.
5. வைத்தியர் அனுமதிக்கும் அளவில் இரண்டு, மூன்று மாத மருந்து. மருந்துச் சீட்டும் கூடவே இருக்க வேண்டும்.

இவை ஆங்கிலத்தில் இருந்தால் கண்டியிலும் கொழும்பிலும் எந்த வைத்தியரும் வாசித்துக்கொள்வார். எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றை நம்பிக்கையான வேறோர் இடத்தில் வையுங்கள். கைத்தொலைபேசியிலும் படம் எடுத்து வையுங்கள். மழைக்காலத்தில் மலையகத்துக் கூரையை நம்பிப் பத்திரம் வைக்கக்கூடாது.

ஒன்றை முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டு நலவாரிய அட்டையும் இந்தியாவின் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆட்சியர் வழங்கும் சான்றிதழும் இலங்கையில் அடையாளப் பத்திரம் ஆகா. வைத்தியரிடம் உங்கள் கதையை நிரூபிக்க அவை உதவும். ஆனால் இங்கே பதிவை மாற்ற இலங்கை மனநல வைத்திய நிபுணரின் சான்றிதழ் வேண்டும்.

யாழ்ப்பாணம், வவுனியா, கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கும் இதே முறைதான். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலோ வேறு வைத்தியசாலையிலோ கிளினிக் இருந்தால், இடம் மாறுவதாகச் சொல்லி மாற்றுக் கடிதம் கேளுங்கள். கடிதம் இல்லாமல் வந்தால் மதிப்பீட்டை முதலிலிருந்து தொடங்க நேரிடலாம். அதில் மாதங்கள் போய்விடும்.

எங்கே என்ன கிடைக்கும்?

*தோட்டத்து டிஸ்பென்சரி.* இங்கே இந்தச் சிகிச்சை இல்லை. காய்ச்சல், காயம், இரத்த அழுத்தம் பார்ப்பார்கள். டிஸ்பென்சரியில் எல்லாவற்றையும் விளக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் நீங்கள் பாவிக்கும் மருந்தின் பெயரை, வேறு மருந்து தரும்போது கட்டாயம் சொல்ல வேண்டும்.

*டிக்கோயா, நுவரெலியா.* அட்டன் பக்கத்தவர்களுக்குக் கிட்டிய பெரிய வைத்தியசாலை டிக்கோயா ஆதார வைத்தியசாலை. இந்திய உதவியுடன் கட்டப்பட்ட அதன் 150 கட்டில்கள் கொண்ட கட்டடம் 2017 மே 12 அன்று திறக்கப்பட்டது. நுவரெலியா, தலவாக்கலை, இராகலைப் பக்கத்தவர்களுக்கு நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலை உண்டு. முதல் படியை இங்கேயே வைக்கலாம். வெளிநோயாளர் பிரிவில் துண்டு எடுத்து, மனநலக் கிளினிக்குக்கு அனுப்பும்படி கேளுங்கள். காரணத்தைத் துண்டு எழுதுகிறவரிடம் சொல்ல வேண்டியதில்லை. "மனநல டொக்டர பாக்கணும், தனியாப் பேசணும்" என்றால் போதும்.

*கண்டி, பேராதனை.* அட்டனிலிருந்து கண்டி ஏறத்தாழ 70 கிலோமீட்டர். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாக பஸ்ஸில் போனால் மூன்று மணித்தியாலத்தை வைத்துக்கொள்ளுங்கள். கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனை போதனா வைத்தியசாலையிலும் மனநல வைத்திய நிபுணர்கள் இருக்கிறார்கள். ஹோர்மோன் சிகிச்சையைக் கவனிப்பவர் அகஞ்சுரக்கும் சுரப்பிகள் பற்றிய வைத்திய நிபுணர். நீரிழிவுக்காரரும் தைரொயிட் நோயாளரும் வரும் கிளினிக்தான் அது. வரிசையில் நிற்கும் நூறு பேரில் நீங்கள் எதற்காக வந்தீர்கள் என்று எவருக்கும் தெரியாது. மலையகத்தில் இருந்துகொண்டு மாதாமாதம் போய்வரக் கண்டியே வசதி.

*கொழும்பு.* அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவகமும் கொழும்பு தேசிய வைத்தியசாலையும் இந்த விடயத்தில் அனுபவம் கூடிய இடங்கள். அறுவைச் சிகிச்சை என்று வந்தால் பெரும்பாலும் கொழும்பையே நோக்க வேண்டும். காத்திருப்புப் பட்டியல் நீளம். அட்டனிலிருந்து ஒருநாளில் போய்த் திரும்புவது கடினம். இரவு தங்க இடம், கூடப் போகும் ஆள், இருவருக்குமான பஸ் காசு, வேலைக்குப் போகாத நாளின் சம்பளம் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே கணக்குப் பார்க்க வேண்டும்.

எமது ஆலோசனை இதுதான்: மதிப்பீட்டை மாவட்டத்தில் தொடங்குங்கள், ஹோர்மோன் சிகிச்சையைக் கண்டியில் வைத்துக்கொள்ளுங்கள், கொழும்பை அறுவைச் சிகிச்சைக்கும் சிக்கலான நிலைமைக்கும் ஒதுக்குங்கள். கொழும்பில் நல்ல டொக்டர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு முதல் நாளே அங்கே ஓடுகிறவர்கள், மூன்றாவது கிளினிக் நாளுக்குப் பஸ் காசு இல்லாமல் நின்றுவிடுகிறார்கள். இந்தச் சிகிச்சை ஒரு நாளில் முடிவதல்ல. தொடர்ந்து போகக்கூடிய தூரத்தில் இருப்பதே நல்ல கிளினிக்.

மருந்து பற்றி அவசியம் தெரிய வேண்டியவை

திருநங்கைகளுக்கு எஸ்ட்ரடையோல் என்ற பெண் ஹோர்மோனும், ஆண் ஹோர்மோனை அடக்கும் ஸ்பைரோனோலக்டோன் போன்ற மருந்தும் கொடுப்பது வழக்கம். திருநம்பிகளுக்கு டெஸ்டொஸ்டெரோன், பெரும்பாலும் ஊசியாக. மாற்றங்கள் மாதக் கணக்கில் தொடங்கி, ஆண்டுக் கணக்கில் முழுமையடையும். சில மாற்றங்கள் மருந்தை நிறுத்தினாலும் திரும்பாது: திருநம்பியின் குரல் தடிப்பது, தாடி முளைப்பது, திருநங்கையின் மார்பு வளர்வது. பிள்ளை பெறும் ஆற்றலும் குறையலாம், இல்லாமற் போகலாம். இதை மருந்து தொடங்குவதற்கு முன்னரே வைத்தியருடன் பேச வேண்டும்.

*குடும்பக்கட்டுப்பாட்டுக் குளிசையைத் தானாக விழுங்க வேண்டாம்.* பார்மசியில் இலகுவாகக் கிடைக்கிறது, அதிலும் பெண் ஹோர்மோன்தானே என்று நினைத்து நாளுக்கு மூன்று, நான்கு குளிசை எடுக்கிறவர்கள் உண்டு. அதிலிருக்கும் செயற்கை ஹோர்மோன் இரத்தம் கட்டியாவதற்கு வழிவகுக்கும். சிகரெட் புகைக்கிறவருக்கு ஆபத்து இன்னும் கூட.

*இரத்தப் பரிசோதனையைத் தவறவிட வேண்டாம்.* ஸ்பைரோனோலக்டோன் இரத்தத்தில் பொட்டாசியத்தைக் கூட்டலாம். டெஸ்டொஸ்டெரோன் இரத்தத்தைத் தடிக்கச் செய்யலாம். உடம்பில் ஒன்றும் தெரியாது, பரிசோதனையில்தான் தெரியும்.

*மருந்து தீர்ந்துபோனால் இரண்டு மடங்காக எடுத்து ஈடுசெய்ய வேண்டாம்.* வைத்தியசாலையில் கையிருப்பு இல்லையென்று வெளியே வாங்க எழுதித் தருவதுண்டு. விலையைக் கேட்டு, கட்டுபடியாகாவிட்டால் வைத்தியரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். விலை குறைந்த வேறு வகை இருக்கலாம். தோழியின் மருந்தைப் பங்குபோட்டு எடுப்பது இருவருக்கும் கேடு.

*ஏற்கெனவே அறுவைச் சிகிச்சை செய்தவர்கள்.* தமிழ்நாட்டில் மருத்துவமனையிலோ, தாயம்மா கையால் நிர்வாணம் என்ற முறையிலோ விதை நீக்கப்பட்டிருந்தால், உடம்பில் ஹோர்மோன் சுரப்பது பெரும்பாலும் நின்றிருக்கும். அதற்கு ஈடாக எந்த ஹோர்மோனும் எடுக்காமல் வருடக்கணக்கில் இருந்தால் எலும்பு பலமிழக்கும். கொழுந்துக் கூடையோடு மலைச்சரிவில் ஏறி இறங்குகிறவருக்கு எலும்பு முறிவு என்பது சம்பளம் முறிவதும்தான். சிறுநீர் மெலிந்து போவது, முக்கிப் போக வேண்டியிருப்பது, எரிவு ஆகியவை இருந்தால் சிறுநீர்ப் பாதை சுருங்கியிருக்கலாம். வெட்கத்தால் அடக்கிக்கொண்டிருந்தால் சிறுநீரகம் பழுதாகும். எங்கே, எப்படிச் செய்தீர்கள் என்பதை வைத்தியரிடம் உள்ளபடி சொல்லுங்கள்.

உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்க வேண்டிய அறிகுறிகள்: ஒரு காலின் கெண்டைச் சதை மட்டும் வீங்கி நோதல், திடீர் நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், தாங்க முடியாத தலைவலியோடு பார்வை மங்குதல், சிறுநீர் முற்றாக அடைத்துக்கொள்ளுதல். அம்புலன்ஸுக்குக் கட்டணமில்லை.

ஆவணங்கள்: ஒழுங்கு மாறக்கூடாது

சிகிச்சையும் ஆவணமும் ஒரே கயிற்றின் இரண்டு புரிகள். ஆவணம் மாறாமல் உடம்பு மட்டும் மாறினால், பொலிஸ் சோதனையிலும் வங்கியிலும் ஆஸ்பத்திரி வார்ட்டிலும் "இது யாருடைய ஐடி?" என்ற கேள்வி வரும். ஒழுங்கு இதுதான்:

*படி 1 – இருக்கும் பிறப்புப் பதிவைச் சரியாகக் கையில் எடுங்கள்.* தோட்டங்களில் பிறந்த பலருடைய பத்திரத்தில் பெயரின் எழுத்தோ தகப்பன் பெயரோ பிழையாக இருக்கும். மண்சரிவில் பத்திரம் தொலைந்திருந்தால், பிறப்பு பதியப்பட்ட பகுதிக்குரிய பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்திய பிரதி எடுங்கள். இந்தியாவில் பிறந்தவரின் பிறப்பை இந்தியப் பதிவாளரே பதிந்திருப்பார். இலங்கைக் குடியுரிமைப் பதிவும் சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தின் ஊடான பிறப்புப் பதிவும் முடிந்தனவா என்று முதலில் பாருங்கள். முடியாவிட்டால், பெயர் மாற்றத்தைத் தொடங்குவதற்கு முன் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் ஆலோசனை பெறுங்கள். குடியுரிமை விண்ணப்பத்தில் ஒரு பெயரும் வைத்தியர் கடிதத்தில் இன்னொரு பெயருமாக இருந்தால் இரண்டும் தடைப்படும்.

*படி 2 – பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ்.* இதை மனநல வைத்திய நிபுணர் வழங்குவார். சிகிச்சையின் எந்தக் கட்டத்தில் வழங்குவார், அதற்குமுன் எத்தனை தடவை வர வேண்டும் என்பவற்றை முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். 2016ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையின் இலக்கத்தைத் துண்டில் எழுதிக்கொண்டு போவது நல்லது. எல்லா வைத்தியசாலையிலும் எல்லாரும் அதைக் கண்டிருக்கமாட்டார்கள்.

*படி 3 – பிறப்புப் பதிவை மாற்றுதல்.* சான்றிதழோடு பதிவாளர் நாயகம் திணைக்களத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். தலைமை அலுவலகம் பத்தரமுல்லையில் உள்ளது. பிறந்த பகுதிக்குரிய பிரதேச செயலகத்திலுள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் முதலில் விசாரியுங்கள். பதிவு ஆண் அல்லது பெண் என்ற இரண்டில் ஒன்றாக மாறும்.

*படி 4 – தேசிய அடையாள அட்டை.* நமது அடையாள அட்டை இலக்கத்துக்குள்ளேயே பால் எழுதப்பட்டிருக்கிறது. பலருக்கு இது தெரியாது. 12 இலக்கங்களில் முதல் நான்கு பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டில் பிறந்த நாள் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணானால் அதோடு 500 கூட்டப்படும். 2001 பெப்ரவரி 5இல் பிறந்தவர் ஆணாகப் பதியப்பட்டிருந்தால் இலக்கம் 2001036 என்று தொடங்கும். பெண்ணாகப் பதியப்பட்டிருந்தால் 2001536 என்று தொடங்கும். ஆகவே பால் மாறும்போது இலக்கமும் மாறவேண்டியுள்ளது. விண்ணப்பத்தைக் கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்துவார். தோட்டத்தில் குடியிருப்பவர்களுக்குத் தோட்ட அத்தியட்சகரும் உறுதிப்படுத்தலாம். இருவரில் இரகசியம் காப்பவர் யார் என்று யோசித்துத் தெரிவுசெய்யுங்கள்.

*படி 5 – பழையதையும் புதியதையும் இணைத்தல்.* இதைத் தவறவிடுகிறவர்கள் அதிகம். ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கை நிதி, வங்கிப் புத்தகம், அஸ்வெசும கொடுப்பனவு, வாக்காளர் இடாப்பு, வீட்டுத்திட்டப் பெயர்ப் பட்டியல் எல்லாம் பழைய இலக்கத்தில் இருக்கின்றன. மாற்றாமல் விட்டால், கணக்கில் இரண்டு ஆட்கள் இருப்பதுபோல் தோன்றும். இருபது வருடம் கொழுந்தெடுத்துச் சேர்ந்த பணம் வேறொருவருடையதாகப் பதிவில் நிற்கும். பழைய அட்டையின் பிரதி, சான்றிதழின் பிரதி, மாற்றிய பிறப்புப் பதிவு ஆகிய மூன்றையும் ஒன்றாக வைத்து, ஒவ்வோர் இடத்திலும் எழுத்தில் அறிவித்து, ஒப்புதல் வாங்குங்கள்.

தோட்டத்தில் நாளாந்த வாழ்க்கை

நகரத்துக்கு எழுதப்பட்ட கைநூல்களில் இல்லாத சில விடயங்கள் தோட்டத்தில் உண்டு.

கொழுந்து பறிப்பது பெண் ஆட்கள், கவ்வாத்து வெட்டுவதும் மருந்தடிப்பதும் ஆண் ஆட்கள் என்று வேலை பிரிந்திருக்கிறது. செக்ரோலில் எந்தப் பக்கத்தில் பெயர் இருக்கிறதோ, அந்தப் பக்கத்து வேலையே கிடைக்கும். அடையாள அட்டை மாறியதும் பிரட்டுக் களத்தில் எல்லார் முன்னிலையிலும் இதைப் பேச விடாதீர்கள். துரையையோ பெரிய கிளாக்கரையோ அலுவலகத்தில் தனியாகச் சந்தித்து, பிரதியைக் கொடுத்துப் பேசுங்கள். தொழிற்சங்கத் தலைவர் நம்பிக்கையானவராக இருந்தால் அவரையும் அழைத்துப் போகலாம். அறுவைச் சிகிச்சைக்குப் பின் பாரமில்லாத வேலை வேண்டுமென்றால், நோயின் பெயரில்லாமல் "பாரம் தூக்கக்கூடாது" என்று மட்டும் வைத்தியரிடம் எழுதி வாங்கலாம்.

லயத்தில் சுவருக்குக் காது உண்டு. குளிப்பது பொதுப் பீலியில். ஊசி போடுவதற்கும் உடை மாற்றுவதற்கும் தனியிடம் கிடைப்பது கடினம். வீட்டுக்குள் ஒரு மூலையைச் சேலையால் மறைத்து அவருக்கென விடுவது சிறிய காரியம். அவருக்கு அது பெரிய பாதுகாப்பு. மருந்தை அடுப்புக்கு மேலே பரணில் வைக்க வேண்டாம். சூடும் புகையும் மருந்தைக் கெடுக்கும்.

அக்கம்பக்கத்தார் கேட்பார்கள். "என்னா, மாசா மாசம் கண்டிக்குப் போறீங்க?" என்றால், "கிளினிக்குக்குப் போறோம் அக்கா" என்பதே முழுப் பதில். பொய் சொல்லவும் வேண்டாம், விளக்கம் கொடுக்கவும் வேண்டாம்.

குடும்பம் என்ன செய்யலாம்?

விளங்கிக்கொள்வதற்காக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்வோம். தாய், தகப்பன், மூன்று பிள்ளைகள். முகாமிலிருந்து திரும்பித் தலவாக்கலைப் பக்கம் குடியேறியிருக்கிறார்கள். மூத்தவருக்கு 22 வயது. மதுரையில் ஹோர்மோன் சிகிச்சை தொடங்கியவர். தகப்பன் அவரோடு பேசுவதில்லை. தாய்க்கு ஊர்வாய்க்குப் பயம். தங்கைக்குக் கலியாண வயது. மருந்து இன்னும் பத்து நாளைக்குத்தான் இருக்கிறது.

இந்தக் குடும்பம் இன்றைக்கே எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. செய்ய வேண்டியது மூன்றே மூன்று. முதலாவது, பத்து நாளுக்குள் நுவரெலியா வைத்தியசாலைக்குப் போவது. மதுரைக் கடிதம் கையில் இருக்கட்டும். இரண்டாவது, முதல் தடவையாவது வீட்டிலிருந்து ஒருவர் கூடப் போவது. தகப்பன் வராவிட்டால் தங்கை போகட்டும். துணைக்கு ஆள் இருந்தால் கேலியும் குறையும், வைத்தியர் சொல்வதைக் கேட்க இன்னும் இரண்டு காதும் இருக்கும். மூன்றாவது, வீட்டுக்குள்ளாவது அவர் கேட்கும் பெயரில் கூப்பிடுவது. அதற்குப் பஸ் காசும் வேண்டாம், சுற்றறிக்கையும் வேண்டாம்.

வீட்டை விட்டுப் போனவர் நடுவழியில் மருந்தை விடுகிறார், தெரியாத இடத்தில் ஊசி போடுகிறார், ஆவணம் இல்லாமல் பொலிஸில் மாட்டுகிறார். வீட்டில் இருப்பவருக்குக் கிளினிக் நாளை நினைவூட்ட ஒருவர் இருக்கிறார். பெற்றோர் தங்கள் கவலையைப் பேசவும் அதே மனநலக் கிளினிக்கில் நேரம் கேட்கலாம்.

உதவிக்கு

• 1926 – தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசிச் சேவை. தமிழில் பேசலாம். பிள்ளை உயிரை மாய்த்துக்கொள்வதாகச் சொன்னால், விளையாட்டாக எடுக்காமல் உடனே அழையுங்கள்.
• 1990 – சுவசெரிய அம்புலன்ஸ்.
• 1996 – இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு. வைத்தியசாலையிலோ அலுவலகத்திலோ பொலிஸிலோ அவமதிக்கப்பட்டால், திகதி, நேரம், இடம் குறித்துக்கொண்டு முறையிடுங்கள்.
• 1919 – அரசாங்கத் தகவல் மையம். எந்த அலுவலகம், எந்த நாள் என்று விசாரிக்க.
• தேசிய திருநர் வலையமைப்பு, வெனச திருநர் வலையமைப்பு, யாழ்ப்பாணத் திருநர் வலையமைப்பு ஆகியன திருநர்களே நடத்தும் அமைப்புகள். இந்த வழியில் முன்னே போனவர்கள் அங்கே இருக்கிறார்கள்.
• எமது களப் பணியாளரிடம் தனியாகப் பேசலாம். உங்கள் அனுமதியின்றி விடயம் வெளியே போகாது.

கலந்துரையாடலுக்கு

1. உங்கள் தோட்டத்திலிருந்து மாவட்ட வைத்தியசாலைக்கும் கண்டிக்கும் போய்வர எவ்வளவு செலவாகும்? ஒரு நாள் சம்பளத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.
2. உங்கள் வீட்டு ஆவணங்களில் எவற்றுக்குப் பிரதி இல்லை? இந்த மாதத்துக்குள் எவற்றை எடுக்கலாம்?
3. உங்கள் அடையாள அட்டை இலக்கத்தை எடுத்து, பிறந்த நாளும் பாலும் எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடியுங்கள்.
4. லயத்தில் ஒரு பிள்ளையைக் கேலி செய்வதைக் கேட்டால், பெரியவர் ஒருவர் என்ன சொல்லலாம்? இரண்டு வசனங்களில் சொல்லிப் பாருங்கள்.

இந்தப் பக்கங்கள் உங்கள் வீட்டுக்குத் தேவைப்படாமல் இருக்கலாம். அப்படியானால் கிழித்தெறியாமல் வைத்திருங்கள். அடுத்த காம்பராவில் எவருக்காவது தேவைப்படலாம்; அவர் உங்களிடம் கேட்கவும் மாட்டார். புத்தகத்தை எல்லார் கையும் எட்டும் இடத்தில் வைத்தால் போதும்.